முதல் முறை டிராக் ரேஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



குடிதண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு இரண்டையும் பேசி முடித்த பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்து டிராக் ரேஸ் நடக்கும்போது நம் குடியிருப்பிலிருந்து ஒரு குழுவாகப் போய் வரலாம் என்று இளைஞர் அணி கேட்டிருக்கிறது. சிலர் ஆவலாக இருக்கிறீர்கள். "அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இருக்கிற புத்தியும் கெட்டுவிடும்" என்று சிலர் செயலாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன். பல வருடம் டயர் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். விடுமுறை நாட்களில் ரேஸ் டிராக்கில் மார்ஷலாகக் கொடி பிடித்து நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நமக்கு எட்டும் தூரத்தில்

நாம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரகடத்தில் கார், லாரி, புல்லட், டயர் எல்லாம் தயாராகின்றன. வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இந்த ஹாலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் ஏதோ ஒரு சக்கரத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தச் சக்கரம் முழு வேகத்தில் எப்படி ஓடும் என்பதை, அதற்கென்று அமைத்த இடத்தில் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அப்படி ஓர் இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக். 1990-இல் திறந்தார்கள், ஹூண்டாய் தொழிற்சாலை வருவதற்கு முன்பே வந்துவிட்டது. இப்போது மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் எம்எம்ஆர்டி என்றே சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் "ரேஸ் டிராக்" என்றாலே போதும்.

அதற்கு முன்னால் சோழவரம். வயதானவர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய இந்தக் கிளப் பல வருடம் அங்கேதான் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்த பிறகு பந்தயங்கள் இங்கே மாறின.

டிராக் ரேஸ் என்றால் என்ன

டிராக் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. ரேஸ் நடக்கும் பாதையையும் டிராக் என்கிறோம். ஒருவகைப் பந்தயத்துக்கும் டிராக் என்று பெயர். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு சொற்கள். நான் சொல்லும் டிராக் ரேஸ், இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் அசையாமல் நின்று, விளக்கு மாறியதும் கிளம்பி, நேர்க்கோட்டில் ஒரு குறிப்பிட்ட தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்ப்பது. அதில் வளைவு கிடையாது, சுற்று கிடையாது, ஒருவரை ஒருவர் மறித்துக்கொள்வதும் கிடையாது. அவரவர் பாதையில் அவரவர் போக வேண்டியதுதான்.

உலக வழக்கப்படி தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். சில இடங்களில் அதில் பாதியான 201 மீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ரேஸுக்கென்று தனிப் பாதை இல்லை. சர்க்யூட்டின் நேர்ப்பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டியை அங்கே சுமார் 300 மீட்டரில் முடித்துக்கொள்கிறார்கள். மிச்ச நேர்ப்பகுதி நிறுத்துவதற்கு வேண்டும். இந்த "நிறுத்துவதற்கு" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருகிறேன்.

போட்டி சிசி வாரியாகப் பல பிரிவுகளில் நடக்கும். சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் ஒரு பக்கம் வரும்; 1050 சிசிக்கு மேலான பெரிய சூப்பர் பைக்குகள் இன்னொரு பக்கம். பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அந்தப் பெரிய பிரிவில் முன்னணி வீரர்கள் அந்த முந்நூறு மீட்டரை எட்டு வினாடிக்குள் முடித்துவிடுவார்கள். நம் லிஃப்ட்டில் பட்டனை அழுத்திவிட்டுக் கதவு மூடக் காத்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான்.

விளக்கைப் பாருங்கள், வண்டியை அப்புறம் பாருங்கள்

முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: "என்ன சார், கண்ணைச் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது!" எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாததால் வரும் குறை அது. தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு நாடகம் இருக்கும்.

முதலில் வண்டி கோட்டுக்கு வரும் முன் பின்சக்கரத்தைச் சுழலவிட்டுப் புகை கிளப்புவார்கள். அது வெறும் படம் காட்டுவதில்லை. டயர் ரப்பர் சூடானால் மென்மையாகிப் பிடிப்பு கூடும். மேலே ஒட்டியிருக்கும் மண்ணும் தூசியும் போய்விடும். வேலையில் நான் மாதக்கணக்கில் அளந்து பார்த்த விஷயத்தை அந்தப் பையன் சில வினாடியில் செய்து காட்டுவான்.

அடுத்து விளக்குக் கம்பம். உலகம் முழுக்க இதற்குக் "கிறிஸ்துமஸ் மரம்" என்று செல்லப் பெயர். மேலே சின்ன விளக்குகள் இரண்டு நிலையில் எரியும். முன்சக்கரம் கோட்டை நெருங்கினால் ஒன்று. சரியாகக் கோட்டில் நின்றால் இன்னொன்று. தரையை ஒட்டிப் போகும் ஒளிக்கற்றையைச் சக்கரம் மறைப்பதால் அது எரிகிறது. இருவரும் நின்றதும் மஞ்சள், பிறகு பச்சை. பச்சைக்கு முன் அசைந்தால் அவர் பக்கத்தில் சிவப்பு எரியும். அதோடு அந்த ஓட்டம் அவருக்கு இல்லை. எவ்வளவு வேகமான வண்டியாக இருந்தாலும் சரி.

இப்போது ஒரு கணக்கு. ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரம் வரும். பச்சை விளக்குக்கும் சக்கரம் கோட்டை விட்டுக் கிளம்பியதற்கும் இடைப்பட்ட நேரம் ஒன்று. கிளம்பியதிலிருந்து முடிவுக்கோடு வரைக்கும் ஆன நேரம் இன்னொன்று. இந்த இரண்டாவதில் முதலாவது சேராது. முதல் வீரர் 0.3 வினாடியில் கிளம்பி 12.5 வினாடியில் ஓடினார் என்று வையுங்கள், மொத்தம் 12.8. இரண்டாமவர் 0.6 வினாடியில் கிளம்பி 12.3 வினாடியில் ஓடினார், மொத்தம் 12.9. இரண்டாமவருடைய வண்டிதான் வேகமானது, ஆனால் ஜெயித்தவர் முதலாமவர். பின்வரிசைத் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். விலை அதிகமான வண்டி தானாக ஜெயிப்பதில்லை. கண்ணும் கிளட்ச் விரலும் பொறுமையும் சேர்ந்துதான் ஜெயிக்கிறது.

ஆகவே, கூட்டம் வண்டியைப் பார்க்கும்போது நீங்கள் விளக்கையும் முன்சக்கரத்தையும் பாருங்கள். முதல் ஐந்தாறு ஓட்டம் அப்படிப் பார்த்தால், ஏழாவது ஓட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று பக்கத்துச் சீட்டுக்காரரோடு வாதாட ஆரம்பித்துவிடுவீர்கள்.

காது

இந்தப் பகுதியை அம்மாக்கள் கவனமாகக் கேளுங்கள்.

ரேஸ் வண்டிகளின் பக்கத்தில் நின்றால் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலை பாதுகாப்பு வகுப்பில் நம்மில் பலர் படித்த கணக்குதான்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதி பாதியாகக் குறையும். 88-இல் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று. 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். ரேஸ் ஓட்டங்கள் சில வினாடிதான் என்றாலும் நாள் முழுக்கக் கூட்டிப் பாருங்கள். பிரஸ் ஷாப், என்ஜின் டெஸ்டிங் மாதிரி பிரிவுகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: உங்கள் காது வாரம் ஆறு நாள் ஏற்கெனவே உழைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் லீவு வேண்டும்.

கம்பெனியில் கொடுக்கும் நுரை இயர்பிளக் போதும். அதைப் போடுகிற விதம் முக்கியம். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற மாதிரி மாட்டினால் பயனில்லை. பஞ்சு வைப்பது கிட்டத்தட்ட ஒன்றும் வைக்காததுதான். குழந்தைகளுக்குத் தலைக்கு மேல் மாட்டும் இயர்மஃப் வாங்குங்கள். அதைக் கழற்றி எறியும் வயதுக் குழந்தையை இந்த முறை பாட்டியிடம் விட்டு வாருங்கள். கைக்குழந்தை வேண்டவே வேண்டாம். வீடு திரும்பிய பிறகு காதுக்குள் "ஙொய்" என்று சத்தம் கேட்டால், இன்றைக்குக் காது அளவுக்கு மீறி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது அடுத்த நாளும் போகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

தொப்பி, குடிதண்ணீர், மூடிய காலணி. வெயில் நேராகத் தலையில் இறங்கும். தார்ப்பாதையின் அனல் கீழிருந்தும் அடிக்கும். செருப்பு வேண்டாம், குறிப்பாக பேடக் பக்கம் போவதானால். வண்டிகளைத் தயார் செய்யும் இடத்துக்குத்தான் பேடக் என்று பெயர். தரையில் எண்ணெய், திருகு, சூடான சைலன்சர் எல்லாம் இருக்கும். பார்வையாளருக்கு அங்கே அனுமதி உண்டா என்பது ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். போகிற நாளுக்கு முந்தின நாள், போட்டி உண்டா, எத்தனை மணிக்கு, நுழைவு எப்படி என்பதைக் கிளப்பின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். தகுதிச் சுற்றுகள் அப்போதுதான் நடக்கும். கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு, நான் சொன்ன விளக்கு விஷயத்தைப் பழகிக்கொள்ள அதுதான் நேரம். நடுவில் காத்திருப்பும் இருக்கும். ஒரு வண்டி எண்ணெய் சிந்திவிட்டால், அதைத் துடைத்து, பொடி தூவி, பெருக்கி முடிக்கும் வரை அடுத்த ஓட்டம் கிடையாது. மழைத் தூறல் விழுந்தாலும் அப்படித்தான். "என்னடா இது, இன்னும் ஆரம்பிக்கவில்லையே" என்று கத்தாதீர்கள். அந்தத் தாமதம் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைக்காக.

அங்கே நடந்துகொள்ளும் முறை

வேலிக்குப் பின்னால் நில்லுங்கள். வேலி மேல் ஏறுவது, போனைக் கையோடு உள்ளே நீட்டுவது, குழந்தையைத் தோளில் தூக்கி எட்டிப் பார்க்க வைப்பது எல்லாம் கூடாது. பாதையைக் குறுக்கே கடப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது. காலியாகத்தான் இருக்கிறதே என்று தோன்றும்போதும் கூடாது. 180 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடிக்கு 50 மீட்டர் தாண்டும். நீங்கள் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் நம் ஏ பிளாக்கிலிருந்து பார்க்கைத் தாண்டிப் போய்விடும்.

மார்ஷல் சொன்னால் உடனே கேளுங்கள். அவர் சம்பளத்துக்கு அதட்டுகிறவர் இல்லை. பெரும்பாலும் தன் விடுமுறையில் வந்து வெயிலில் நிற்கிறவர்.

பேடக்கில் அனுமதி இருந்தால் போய்ப் பாருங்கள், பேசுங்கள். வீரர்களும் மெக்கானிக்குகளும் கர்வம் பிடித்தவர்கள் இல்லை. "தம்பி, இது எந்தக் கிளாஸ்? ஏன் பின்சக்கரத்தை இவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உட்காரவைத்துப் பாடமே நடத்துவார்கள். பின்சக்கரம் பின்னால் போனால் முன்சக்கரம் மேலே தூக்குவது குறையும் என்று விளக்குவார்கள். ஆனால் கேட்காமல் வண்டியைத் தொடாதீர்கள், மேலே உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். என்ஜின் ஓடும் வண்டிக்கு நேர் பின்னாலோ நேர் முன்னாலோ நிற்காதீர்கள். சிகரெட், தீப்பெட்டி அந்தப் பக்கமே வேண்டாம். அவர் ஹெல்மெட் மாட்டிவிட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். மனசு அப்போது அந்தப் பச்சை விளக்கில் இருக்கும்.

முடிவுக்கோட்டுக்குப் பிறகு

இப்போது, பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று சொன்னவர்களிடம் வருகிறேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் கேட்டுக்கு வெளியே, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என்ன சத்தம் கேட்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். போன முறை கூட்டத்திலும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டோம். "இதைப் பார்த்துவிட்டு வந்து இவர்களும் ரோட்டில் ஓட்டுவார்களே" என்கிறீர்கள்.

டிராக்கில் எதைக் கவனிக்கச் சொல்லிக் கூட்டிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. என் வேண்டுகோள்: கிளம்பும் கோட்டில் ஒரு மணி நேரம் நின்று பார்த்த பிறகு, பிள்ளைகளை முடிவுக்கோட்டுப் பக்கம் இருக்கும் பார்வையாளர் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பந்தயம் முடிந்த பிறகு வண்டி என்ன செய்கிறது என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் எவ்வளவு வெற்றுத் தார் இருக்கிறது என்று காட்டுங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, தீயணைப்புச் சிலிண்டரோடு யார் நிற்கிறார், எத்தனை பேர் கொடியோடு நிற்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். நாய் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

200 கி.மீ. வேகத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டிய வண்டி, நல்ல டயரோடு, காய்ந்த பாதையில், முழு பிரேக் பிடித்தாலும் நிற்க ஏறக்குறைய 220 மீட்டர் வேண்டும். யாரும் பந்தயத்தில் அப்படி முழு பிரேக் பிடித்து நிறுத்த மாட்டார்கள். இன்னும் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடம் இருந்தால்தான் பந்தயம்.

அமெரிக்காவில் டாப் ஃப்யூல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் நீளமான வண்டிகள். மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் போகும். பாராசூட் விரித்துத்தான் நிற்கும். பல வருடம் அவையும் கால் மைல்தான் ஓடின. 2008-இல் நியூ ஜெர்சியில் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு வண்டியை நிறுத்த முடியாமல் இறந்தார். உடனே அந்தப் போட்டியை நடத்தும் சங்கம், டாப் ஃப்யூல் போன்ற மிக வேகமான பிரிவுகளின் தூரத்தை 1,000 அடியாக, சுமார் 305 மீட்டராகக் குறைத்தது. உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள், அதிகம் செலவு செய்பவர்கள், பந்தயத்தைச் சுருக்கி நிறுத்தும் இடத்தை நீட்டினார்கள்.

இனி நம் சாலைக்கு வாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் போகிறவன் ஆபத்தைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வைத்தால் 28 மீட்டர் போயிருப்பான். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 55 மீட்டர். மொத்தம் 83. அதே பையன் 140-இல் போனால் மொத்தம் 147 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. லோ பீம் விளக்கில் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 50 மீட்டர். அப்படியானால் அவன் பார்க்காத இடத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறான். அந்த இருட்டுக்குள் என்ன இருக்கும்? மீடியன் இடைவெளியில் திரும்பிக்கொண்டிருக்கும் கண்டெய்னர் லாரி. பார்க்கிங் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் டிரெய்லர். சாலையில் படுத்திருக்கும் மாடு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும் ஒரு பெண். அது நம் பிளாக்கில் இருக்கும் ஒருவராகவும் இருக்கலாம். அவர் எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி, அரசு அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் 199ஏ பிரிவு வரும். அதில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிறந்தநாளுக்குச் சாவியைக் கையில் கொடுக்கும் அப்பாக்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்ட ஆசைப்படும் தம்பிகளுக்கு

ஆசையைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். டிராக் ரேஸ் ஒழுங்குக்கு வந்த கதையே அதுதான். அமெரிக்காவில் போருக்குப் பிறகு பையன்கள் தெருக்களில் பந்தயம் ஓட்டினார்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் ஒரு சங்கம் தொடங்கி, அவர்களைத் தெருவிலிருந்து எடுத்து, விதிகளோடு ஓடவைத்தார். 1953-இல் அந்தச் சங்கத்தின் முதல் அதிகாரப்பூர்வப் பந்தயம் கலிஃபோர்னியாவின் போமோனாவில், ஒரு பொருட்காட்சித் திடலின் வண்டி நிறுத்துமிடத்தில், உள்ளூர் போலீஸ் ஆதரவோடு நடந்தது. நம் மெட்ராஸ் கிளப் தொடங்கியதும் அதே வருடம்.

இங்கே வழி இருக்கிறது. இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கான தேசிய அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. அதன் போட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். அது சாலை லைசென்ஸிலிருந்து வேறு. வயது குறைவென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். வண்டியைப் பந்தயத்துக்கு முன் சோதிப்பார்கள். பிரேக், செயின், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்ப்பார்கள். முழுமுக ஹெல்மெட், ரைடிங் சூட், கையுறை, பூட்ஸ் இல்லாமல் கோட்டுக்கே விட மாட்டார்கள். செலவு உண்டு. மாதச் சம்பளத்தில் சேர்த்து வைத்து, சின்ன சிசி பிரிவில் ஓட்டும் தொழிற்சாலைப் பையன்களையும் பேடக்கில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குத் தெரிந்து, சாப்பாட்டுக் கேரியரோடு அம்மாவே வந்து வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியின் வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. டிராக்கிலும் பொருந்தாது, ரோட்டிலும் பொருந்தாது. பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படியுங்கள்.

ஓட்டுவதற்குப் பணமோ துணிச்சலோ இல்லாதவர்கள் மார்ஷல் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். டிக்கெட் வாங்கியவரைவிட அருகில் நின்று பார்க்கலாம். ஒரு விபத்தில் முதல் பத்து வினாடியில் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் படிப்பு இந்தச் சாலையில் என்றைக்காவது ஒருவர் உயிரைக் காப்பாற்றும்.

திரும்பி வரும்போது

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. ரேஸ் பார்த்துவிட்டு வெளியே வருகிற அரை மணி நேரம்தான் அந்த நாளின் ஆபத்தான நேரம். காதில் அந்தச் சத்தம், ரத்தத்தில் அந்த வேகம், முன்னால் பெங்களூர் நெடுஞ்சாலை. வலது கை தானாகவே ஆக்சிலரேட்டரை முறுக்கும். ஆகவே நம் குழுவுக்கு ஒரு விதி வைத்துக்கொள்வோம். போட்டி முடிந்ததும் யாரும் உடனே கிளம்பக் கூடாது. தண்ணீர் குடித்து, டீ சாப்பிட்டு, எந்த ஓட்டம் நன்றாக இருந்தது என்று வாக்குவாதம் செய்து, கூட்டம் வடிந்த பிறகு கிளம்புவோம். போகும்போதும் வரும்போதும் வேன், கார் மட்டும். அன்றைக்கு யாரும் பைக் எடுக்க வேண்டாம். பைக் ரேஸ் பார்க்கப் பைக்கில் வரக் கூடாதா என்று தம்பிகள் முணுமுணுக்கிறீர்கள். தெரியும். இருந்தாலும் அதுதான் விதி.

வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயர், பிளாக், எத்தனை பேர் என்று எழுதுங்கள். குழந்தைகளின் வயதையும் குறிப்பிடுங்கள்; அதற்கேற்ப இயர்மஃப் மொத்தமாக வாங்கலாம். வேண்டாம் என்று சொன்னவர்களில் இரண்டு பேராவது கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்து பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் இதே இடத்தில் நின்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதற்குள் நான் இன்னொரு வேண்டுகோளையும் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்: நம் கேட்டுக்கு எதிரே இருக்கும் மீடியன் இடைவெளிக்கு விளக்கு வேண்டி நெடுஞ்சாலைத் துறைக்குச் சங்கம் மனு போட வேண்டும். கையெழுத்துத் தாள் கதவருகே மேசையில் இருக்கிறது. போகும்போது எல்லோரும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.